பனித்தளத்து வளைதடி ஆட்டமும் அதன் அபிமானிகளும்

‘பனி’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டே தமிழர் பல பொருள்களைச் சுட்டி வந்துள்ளனர். புல் நுனியில் திரளும் துளியும் பனி. தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக மேலேறும் பாதையை மறைத்து நிற்கும் புகைப்படலமும் பனி. ஆண்டை ஆறு பருவமாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டைப் பனிக்கே ஒதுக்கி, மார்கழியும் தையும் முன்பனி என்றும் மாசியும் பங்குனியும் பின்பனி என்றும் வழங்கினர். ஆயினும் நீர் இறுகிக் கல்லாகி, அதன்மேல் மனிதர் நடக்கவும் ஓடவும் கூடிய பனியை அவர் கண்டிலர். நாமும் கண்டிலோம். நுவரெலியாவிலும் ஹோட்டன் சமவெளியிலும் தை மாதத்து விடியல்கள் சிலவற்றில் நிலம் வெண்மை பூண்டு கிடப்பதுண்டு. வெயில் ஏறியதும் அவ்வெண்மை மறைந்துவிடும், கொழுந்து கருகியிருக்கும். ஆகவே உறைபனி என்றதும் மலைநாட்டார் நெஞ்சில் முதலில் எழுவது அழகுணர்ச்சி அன்று, கொழுந்தும் பேரும் குறையுமே என்னும் கவலைதான்.

அத்தகைய பனியையே தளமாக்கி, அதன்மேல் இரும்பலகு பொருத்திய காலணியுடன் பாய்ந்து ஆடி, அவ்வாட்டத்தைத் தம் நாட்டின் பெருவிழாவாகவே ஆக்கிக்கொண்ட மக்கள் கனடா நாட்டவர். நம் கல்லூரியின் பழைய மாணவருள் சிலர் அந்நாட்டில் ரொறன்ரோ நகரின் புறத்தே ஸ்காபரோ, மார்க்கம் முதலிய இடங்களில் குடியமர்ந்துள்ளனர். அவர் அனுப்பும் புகைப்படங்களில் பிள்ளைகள் நீல நிறச் சட்டை அணிந்து நிற்கின்றனர். மார்பில் மேப்பிள் மரத்து இலை ஒன்று வெண்மையாகப் பொறித்திருக்கின்றது. ‘இஃது எந்தப் பாடசாலையின் சீருடை?’ என்று நம் மாணவர் வினவுகின்றனர். பாடசாலைச் சீருடை அன்று. ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் என்னும் பனி ஹொக்கி அணியின் சட்டை அது. நம்மவர் பிள்ளைகள் இத்துணைப் பற்றுக் கொள்ளும் ஆட்டம் யாது, அதன் அபிமானிகள் எத்தகையோர், நாமறிந்த ஆட்டங்களோடு அஃது எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் நிற்கின்றது என்பனவற்றை இம்மலரில் எடுத்துரைப்பது பயனுடைத்தெனக் கருதினோம்.

முதலில் ஒரு சொற்சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். ஹொக்கியை ‘வளைகோற் பந்தாட்டம்’ என்று தமிழ்ப்படுத்தியவர் உளர். ஆனால் பந்து புகும் வாயிலையும் அவ்வாறு பெறும் எண்ணையும் நாம் ‘கோல்’ என்றே ஆங்கில ஒலியாற் கூறுகின்றோம். ‘கோலால் அடித்துக் கோல் போட்டான்’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பர். ஆதலின் இங்கே கையிலுள்ளதை வளைதடி என்றும் வாயிலிற் புகுவதைக் கோல் என்றும் வழங்குவோம். வளைந்த தடி தமிழர்க்குப் புதிதன்று. ஐயனார் கையிலும் மன்னார்குடிப் பெருமாள் கையிலும் விளங்கும் ‘செண்டு’ அத்தகையதே. அப்பெருமாளுக்குச் செண்டலங்காரர் என்றே பெயர். குதிரை ஏறிச் செண்டாடிய வெளி செண்டுவெளி எனப்பட்டது. பனி ஹொக்கியிலோ பந்து இல்லை. மூன்று அங்குல விட்டமும் ஓரங்குலத் தடிப்பும் உடைய கறுத்த றப்பர் வட்டு ஒன்றே பந்துக்குப் பதிலாக நிற்கின்றது. உருண்டையாயின் பனித்தளத்தில் துள்ளித் திரியும்; வட்டு, தளத்தோடு தளமாய் வழுக்கிச் செல்லும். ஆட்டத்துக்கு முன் அவ்வட்டுகளைக் குளிரூட்டி வைப்பர், துள்ளாதிருத்தற் பொருட்டு.

தளம் இருநூறு அடி நீளமும் எண்பத்தைந்து அடி அகலமும் உடையது. இது வட அமெரிக்க அளவு. பிற நாடுகளில் சற்று அகலமாக அமைப்பதும் உண்டு. சுற்றிலும் மரச்சுவர் போன்ற தடுப்பு. வட்டு அதில் மோதி மீண்டும் உள்ளே வருவதால், உதைபந்தாட்டத்திற்போல எல்லைக்கோட்டைத் தாண்டிற்று என்று அடிக்கடி நிறுத்த வேண்டுவதில்லை. ஒரு பக்கத்துக்கு அறுவர்: வாயில்காப்பவர் ஒருவர், பின்னணியினர் இருவர், முன்னணியினர் மூவர். இருபது நிமிடங்கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். வீரர் சறுக்கும் வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றரை எட்டும். வலுவாக அடித்த வட்டு நூற்றறுபதையும் கடக்கும். இவ்வேகத்தில் எவரும் நெடுநேரம் ஆட இயலாது. ஆகவே ஏறத்தாழ முக்கால் நிமிடத்துக்கொரு முறை களத்திலுள்ளோர் தடுப்பைத் தாண்டி வெளியேற, வேறொரு தொகுதியினர் உள்ளே பாய்வர். ஆட்டம் நில்லாமலே இம்மாற்றம் நிகழும். துடுப்பாட்டத்தில் ஒருவர் ஒருநாள் முழுதும் களத்தில் நிற்கக் கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகவே தோன்றும்.

தரையில் ஆடும் ஹொக்கி நமக்குச் சற்று அறிமுகமானது. மாத்தளை அதற்குப் பேர்பெற்ற நகர். இந்தியா ஒலிம்பிக் விழாக்களில் அவ்வாட்டத்தில் எட்டுத் தங்கப் பதக்கம் பெற்றது. 1980-ஆம் ஆண்டு மொஸ்கோவில் எட்டாவது தங்கத்தைப் பெற்ற அணியின் தலைவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். தென்பாண்டி நாட்டுக் கோவில்பட்டியில் ஹொக்கி வீட்டுக்கு வீடு பேசப்படும் ஆட்டம். தரை ஹொக்கியில் பதினொருவர். வளைதடியின் தட்டையான பக்கத்தால் மட்டுமே அடிக்கலாம். உடலால் மோதுதல் குற்றம். பனி ஹொக்கியில் வட்டை வைத்திருப்பவனைத் தோளால் மோதித் தள்ளுவது முறையான ஆட்டமே. பெயர் ஒன்றாயினும் இவ்விரண்டும் உடன்பிறந்தோர் அல்லர். ஒரே பாட்டன் வழிவந்த தூரத்து உறவினர் என்று கொள்க. மோதலைக் கருதின் பனி ஹொக்கி நம் துரைமார் கழகங்கள் ராதெல்ல மைதானத்திலும் பிறவிடங்களிலும் வளர்த்த றகர் ஆட்டத்துக்கே நெருங்கியது எனலாம்.

ஆசிரியராகிய நமக்கு இவ்வாட்டத்தில் மிகவும் பிடித்தது தண்டனை முறை. பிழை செய்தவன் தளத்தின் ஓரத்திலுள்ள கூண்டொன்றில் இரண்டு நிமிடம் அமர்ந்திருக்க வேண்டும். கைகலப்பில் இறங்கினால் ஐந்து நிமிடம். அவன் அமர்ந்திருக்கும் வரை அவனுடைய அணி ஒருவர் குறைவாகவே ஆட வேண்டும். சிறு பிழையாயின், எதிரணி ஒரு கோல் போட்டவுடன் அவன் விடுதலை பெறுவான். குற்றம் ஒருவனுடையது, சுமை எல்லாருடையதும். வகுப்பில் ஒருவனை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்துவதால் பாதிக்கப்படுவோன் அவன் ஒருவனே. இங்கோ அவன் கூண்டிலிருந்து தன் தோழர் வியர்த்து விறுவிறுத்துத் தடுமாறுவதைக் கண்ணாற் கண்டுகொண்டிருக்க வேண்டும். உதைபந்தாட்டத்தின் மஞ்சள் அட்டையோ அந்த வேளையில் எவரையும் வெளியேற்றுவதில்லை.

இனி, கிண்ணத்தைப் பற்றிக் கூறுவோம். கனடாவின் ஆள்பதியாயிருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வழங்கினார். 1893-இல் மொன்றியல் கழகமொன்று அதனை முதலிற் பெற்றது. இன்று அஃது வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கிச் சங்கத்துக்கு உரியது. அச்சங்கம் 1917-இல் தோன்றியது. ஒவ்வோர் அணியும் ஐப்பசி முதல் சித்திரை வரை எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிய பின்னர், முப்பத்திரண்டு அணிகளுள் பதினாறு தேர்ந்து நிற்கும். பிறகு நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அணிகள் ஏழு ஆட்டம் வரை மோதும். நான்கினை முதலில் வென்றது மேலே செல்லும். கிண்ணம் வேண்டுமாயின் பதினாறு வெற்றி வேண்டும். இரண்டு மாதம் கழியும்.

உதைபந்தாட்ட உலகக்கிண்ணத்தின் முடிவும் துடுப்பாட்ட உலகக்கிண்ணத்தின் முடிவும் ஒரே ஆட்டத்தில் அறுதியாகும். 1996-ஆம் ஆண்டு பங்குனி 17-ஆந் தேதி லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது நூற்றேழு ஓட்டங்கள் பெற்றார், அவுஸ்திரேலியா வீழ்ந்தது, ஒரே இரவில் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று மழை பெய்திருந்தால், அவர் முதற்பந்திலேயே வெளியேறியிருந்தால், என்று இன்றும் பேசலாம். ஏழாட்ட முறையில் அத்தகைய ‘இருந்தால்’கள் குறையும். ஆனால் வேறொன்று கூடும். ஒரே எதிரியை இரண்டு கிழமைக்குள் ஏழுமுறை காணும்போது முதல்நாள் மோதலின் காயம் மூன்றாம் நாள் பகையாகின்றது. ஐந்தாம் நாள் அப்பகைக்கு ஒரு கதை உண்டாகின்றது. அபிமானியும் அக்கதைக்குள் வாழத் தொடங்குகின்றான். பாரதக் கூத்தைப் பதினெட்டு இரவும் விழித்திருந்து பார்ப்பவனுக்கும் ஒரே இரவில் சுருக்கி ஆடக் காண்பவனுக்கும் உள்ள வேறுபாடே இது. இத்துணைப் பகைக்குப் பின் நிகழ்வது வியப்புக்குரியது: சுற்று முடிந்தவுடன் இரு அணியினரும் வரிசையாக நின்று, ஒருவர் விடாமல் ஒருவர் கைகுலுக்கிச் செல்வர். பல்லுடைந்தவனும் உடைத்தவனும் அவ்வரிசையில் சந்திப்பர்.

சமநிலையில் முடிந்தால் கிண்ணச் சுற்றுகளில் தண்ட உதை போன்ற குறுக்குவழி கிடையாது. யாரேனும் ஒரு கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஆட்டம் நீளும். 1936-ஆம் ஆண்டு டிட்ரோயிட் அணியும் மொன்றியல் மறூன்ஸ் அணியும் மோதிய ஆட்டம், மேலதிக நேரம் மட்டும் 116 நிமிடம் கடந்து, நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பின்னரே ஒற்றைக் கோலோடு முடிந்தது.

கிண்ணத்தின் சிறப்பு அது ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுவதில்லை என்பது. வென்ற அணியினரின் பெயர்கள் அதன் உடலைச் சுற்றிய வெள்ளிப் பட்டைகளில் பொறிக்கப்படும். பட்டை நிறைந்தால் மிகப் பழையதைக் கழற்றி ரொறன்ரோவிலுள்ள ஹொக்கிப் புகழ்மண்டபத்தில் வைத்துவிட்டுப் புதுப்பட்டை பொருத்துவர். வென்ற ஒவ்வொருவருக்கும் கோடைக்காலத்தில் ஒருநாள் கிண்ணம் உரியது. அன்று அவர் அதனைத் தம் ஊருக்கு எடுத்துச் செல்லலாம். வெல்லாத வீரன் அதைத் தொடுவது தீய சகுனம் என்பது அவர்தம் நம்பிக்கை. இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 1963-இல் வென்ற மேப்பிள் லீவ்ஸ் அணியின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்துத் தவறி ‘லீயெஸ்’ என்று படிக்குமாறு வெள்ளியில் வெட்டப்பட்டது. 1972-இல் பொஸ்டன் நகரின் பெயரும் சிதைந்தது. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் நம் மாணவர் இதனை மேற்கோளாகக் காட்ட முற்படுவாராயின் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

அபிமானிகளின் வழக்கங்களோ சுவை மிகுந்தவை. ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் பார்வையாளர் தம் தொப்பிகளைக் களத்தில் வீசுவர். ‘ஹட்ரிக்’ என்னும் அச்சொல் துடுப்பாட்டத்திலிருந்து சென்றதாகும்: 1858-இல் ஸ்டீபன்சன் என்னும் பந்துவீச்சாளர் அடுத்தடுத்து மூன்று இலக்குகளை வீழ்த்த, பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தனர். அங்கே வீரனுக்குத் தொப்பி கிடைத்தது; இங்கே அபிமானி தன் தொப்பியை இழக்கின்றான். டிட்ரோயிட் நகரில் 1952-இல் மீன் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர் இருவர் எண்கால் கணவாய் ஒன்றைப் பனித்தளத்தில் எறிந்தனர். அக்காலத்தில் கிண்ணத்துக்கு எட்டு வெற்றி போதும். கணவாய்க்கும் எட்டுக் கால். அவ்வாண்டு அவர்களுடைய அணி ஒன்றிலும் தோலாது எட்டையும் வென்றது. எறிவதும் நிலைத்துவிட்டது. கிண்ணச் சுற்று முடியும்வரை வீரர் முகம் மழிப்பதில்லை, அபிமானிகளும் அவ்வாறே. மாலையணிந்து சபரிமலை விரதமிருப்போரை நாடோறும் காணும் நமக்கு இது புரியாத செய்தியன்று.

ஆட்டத்தைக் காணும் முறையிலும் வேற்றுமை உண்டு. துடுப்பாட்டம் பேச்சுக்கு இடந்தரும் ஆட்டம். பந்துக்கும் பந்துக்கும் இடையே தேநீர் அருந்தலாம், அரசியல் பேசலாம், வானொலியை அண்டை வீட்டில் வைத்துவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போய் வரலாம். ஓட்டத்தொகை மாறியிருக்கும், ஆட்டம் மாறியிராது. பனி ஹொக்கியில் கண் இமைத்தால் கோல் போய்விடும். ஆயினும் அவ்வாட்டமும் வானொலியாலேயே கனடா முழுதும் பரவிற்று. பொஸ்டர் ஹியூவிற் என்பார் 1923 முதல் அதனை வருணித்தார். சனிக்கிழமை இரவுகளில் பனிமூடிய பண்ணை வீடுகளிலிருந்தோர் அவர் குரலைக் கேட்டே தம் அணியைக் கண்டனர். இலங்கை வானொலியைச் சூழ்ந்து லயத்து வாசலில் அமர்ந்திருந்த நம் தந்தையரை ஒருகணம் நினைத்துக்கொள்வோம்.

ஆட்டத்தின்மேல் எழும் பற்று ஆட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மொன்றியல் அணியின் மொறிஸ் ரிச்சட் பிரெஞ்சு மொழி பேசுவோரின் கண்மணியாக விளங்கியவர். 1944–45 பருவத்தில் ஐம்பது ஆட்டத்தில் ஐம்பது கோல் போட்டவர். 1955 பங்குனியில் ஒரு கைகலப்புக்காகச் சங்கத்தின் தலைவர் அவரைப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களிலிருந்தும் கிண்ணச் சுற்றிலிருந்தும் விலக்கினார். தலைவர் ஆங்கிலேய மரபினர். பிரெஞ்சு மக்கள் அதனை ஒரு வீரனுக்குக் கிடைத்த தண்டனையாகக் கொள்ளவில்லை. தங்கள் மொழிக்கும் இனத்துக்கும் நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டனர். 17-ஆந் தேதி இரவு நகரின் தெருக்களில் கலகம் மூண்டது. மறுநாள் ரிச்சட் தாமே வானொலியில் தோன்றி அமைதி வேண்டினார். சில ஆண்டுகளின் பின் கியூபெக் மாகாணத்தில் எழுந்த பெருமாற்றத்துக்கு அவ்விரவையே முன்னறிகுறியாகக் காட்டுவோர் உளர். அதற்கடுத்த ஆண்டு நம் நாட்டில் எந்தச் சட்டம் நிறைவேறியது என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி நீலச் சட்டைக்கு வருவோம். மேப்பிள் லீவ்ஸ் அணி பதின்மூன்று முறை கிண்ணம் வென்றது. கடைசி வெற்றி 1967-இல். அதன்பின் 2025 வரை ஐம்பத்தெட்டு ஆண்டு கிண்ணமில்லை. இறுதிச் சுற்றையே எட்டியதில்லை. 2013-இல் பொஸ்டன் அணிக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தில் மூன்றாம் பகுதியில் 4–1 என்று முன்னின்றது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கிச் சமநிலைக்கு இறங்கி, மேலதிக நேரத்தில் 5–4 எனத் தோற்றது. 2004-க்குப் பின் ஒரேயொரு சுற்றை வெல்லவே 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் மண்டபத்தில் இருக்கை கிடைப்பதரிது. உள்ளே இடம் பெறாதோர் வெளிச் சதுக்கத்தில் பெருந்திரையின் முன் ஆயிரக்கணக்கில் நின்று பார்க்கின்றனர்.

வெற்றி தராத அணியை ஏன் நேசிக்கின்றனர்? கனடியரைக் கேட்டால், ‘என் தந்தையின் அணி’ என்பர். அபிமானம் அவர்க்குப் பாட்டன் காணிபோல வழிவழி வருவது. நம்மவர்க்கு அவ்வழி இல்லை. 1983-க்குப் பின் அங்குச் சென்ற தமிழ்த் தந்தைக்கு வளைதடி இன்னதென்றே தெரியாது. பிள்ளைதான் பாடசாலையிலிருந்து அணியை வீட்டுக்குக் கொண்டு வருகின்றான். தந்தைக்கு விதிகளைக் கற்பிக்கின்றான். தோற்ற இரவில் இருவரும் சேர்ந்து உண்ணாதிருக்கின்றனர். சொத்து கீழிருந்து மேலேறும் இவ்விந்தையைப் புலம்பெயர்ந்தோர் வீட்டிலன்றி வேறெங்கும் காண்டல் அரிது. வீழ்ந்தாலும் விடாத அணியொன்றைப் பற்றிக்கொள்வதால் ஒரு பயன் உண்டு: வெற்றிக்காக வந்தவன் என்று எவரும் அவனைச் சொல்ல முடியாது.

இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ‘நீ எந்த அணிக்குக் கைதட்டுகின்றாய்?’ என்னும் வினா மலைநாட்டுத் தமிழனுக்கு வெறும் விளையாட்டு வினாவாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மூதாதையரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964-இல் இரு நாட்டுத் தலைவர்களும் நம்மை எண்ணிப் பங்கிட்டனர். 2003-ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியோர்க்கும் உரிமை கிட்டிற்று. இந்தியாவும் இலங்கையும் மோதும் நாளில் லயத்தின் ஒரு காம்பராவில் ஒரு கொடியும் அடுத்த காம்பராவில் மறு கொடியும் மனத்துள் பறந்த காலம் உண்டு. அதனைக் குற்றமாகக் கண்டோரும் உண்டு. இங்கிலாந்தில் நோர்மன் டெபிற் என்னும் அரசியல்வாதி 1990-இல், குடியேறியோர் துடுப்பாட்டத்தில் எவ்வணிக்கு ஆர்ப்பரிக்கின்றனர் என்பதைக் கொண்டே அவர்தம் பற்றை அளக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அளவுகோலைப் பிறர் கையிலெடுத்து நீட்டும்போது அன்பு பரீட்சையாகிவிடுகின்றது. 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த ஒருவரின் பேரனாகிய முத்தையா முரளிதரன், 1996-இல் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடி, 2010-இல் எண்ணூறு டெஸ்ட் இலக்குகளோடு ஓய்வு பெற்றார். அவருக்காக நம் பிள்ளைகள் கைதட்டியபோது எவரும் கேட்டுத் தட்டவில்லை. ஸ்காபரோவில் நீலச் சட்டை அணிந்த பிள்ளையையும் எவரும் கேட்கவில்லை. தானே தேர்ந்தான், ஆகையால் அது அவனுடையது.

ஆட்டத்தை அமைப்பது பெரும்பாலும் நிலம் என்பது நம் துணிபு. நமக்குச் சரிவு மிகுதி, சமதளம் அரிது. அதனாலேயே அறுபதடி நீளமும் முப்பதடி அகலமும் இருந்தாற் போதுமான கரப்பந்தாட்டம், 1991-இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்படுமுன்னரே, மலைகளில் வேரூன்றியது. பிரட்டுக்களத்தில் மென்பந்து ஆடும் சிறுவர், ‘தேயிலைக்குள் விழுந்தால் ஆட்டமிழப்பு’ என்று விதி வகுத்துக்கொள்கின்றனர். பந்தைத் தேடும் அலுப்பே அவ்விதியின் தாய். கனடாவிலும் பனித்தளத்தில் ஆடுவதற்கு ஆகும் செலவு பெரிது. சறுக்குக் காலணி, காப்புடை, தளக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வறியோர் பிள்ளைகளை வெளியே நிறுத்துகின்றன. ஆகவே அவர் டெனிஸ் பந்தொன்றை வைத்துத் தெருவில் ஹொக்கி ஆடுகின்றனர். மோட்டார் வண்டி வந்தால் ‘கார்!’ என்று கூவி வாயிற்சட்டத்தை ஒதுக்கிவிட்டு, அது போனதும் தொடர்கின்றனர். கொழுந்து லொறிக்கு வழிவிட்டு இலக்குத் தடிகளை மீண்டும் நடும் நம் பிள்ளைகளைக் கண்டவர்க்கு அக்காட்சி புதிதாயிராது.

உறைந்த நீர் ஆசியாவிலும் இல்லாமலில்லை. இமயத்தின் மறுபுறத்தே, ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்திலுள்ள லே நகரில், குளிர்காலத்துக் குளங்களே தளம். இந்தியப் பெண்கள் பனி ஹொக்கி அணியினருட் பெரும்பாலோர் லடாக்கின் ஊர்களைச் சேர்ந்தவர். குளம் உறைந்திருக்கும் சில கிழமைகளே அவர்க்குப் பயிற்சிக் காலம். 2016-இல் முதன்முறை பன்னாட்டுப் போட்டியில் இறங்கிப் பெருந்தோல்விகள் கண்டனர். மறு ஆண்டு பாங்கொக் நகரில் பிலிப்பைன்ஸ் அணியை 4–3 என வென்றனர். 2025-இல் ஆசியக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் பெற்றனர். மலைமக்கள் பெண்கள் செய்த இச்செயலை நம் வலைப்பந்தாட்ட அணியினர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்குக் குறித்தோம்.

முடிவாக மொழி பற்றி ஒன்று. 2008 முதல் கனடாவில் பனி ஹொக்கி ஆட்டங்கள் பஞ்சாபி மொழியிலும் வருணிக்கப்பட்டு வருகின்றன. ஹர்நாராயண் சிங் முதலிய வருணனையாளர் ஆங்கிலச் சொற்களை அப்படியே ஒப்புவியாமல் தம் மொழியில் ஆக்கிக்கொண்டனர்: தடியை ஓங்கி வீசும் அடிக்குக் கன்னத்தில் அறைவதைக் குறிக்கும் சொல்லை எடுத்தனர், தண்டனைக் கூண்டைத் ‘தண்டனைப் பெட்டி’ என்று அழைத்தனர். ஆங்கிலம் நன்கறியாத பாட்டன்மார் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தொடங்கினர். தமிழிலும் இது கூடாததன்று. அவ்வடியை ‘அறையடி’ எனலாம். வட்டு தளத்தைவிட்டு எழும்பிச் செல்வதை ‘எழுவீச்சு’ எனலாம். எதிரணியில் ஒருவர் கூண்டிலிருக்கத் தம் பக்கம் ஆள் மிகுந்து ஆடும் வேளைக்கு ‘மிகைவலு நேரம்’ என்று நாம் ஒரு சொல் ஆக்கியுள்ளோம்; உயர்வகுப்பு மாணவருள் ஒருவன் ‘ஆள்மிச்சம்’ என்றான். அவன் சொல்லே நன்று. வட்டு முதலில் விடப்படும்போது இருவர் எதிரெதிர் குனிந்து நிற்கும் நிலைக்கு இன்னும் தகுந்த சொல் அகப்படவில்லை. கனடாவிலுள்ள பழைய மாணவர் தம் பிள்ளைகளோடு கலந்து ஒன்று தேர்ந்து, நம் தமிழ் மன்றத்துக்கு எழுதி அனுப்புவாராக.